ரெக்தர் பூட்டிய நீலக் கதவு

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, சுவிஸில் நொஷாட்டல் ஏரிக்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கும் போட்டோக்கொப்பி மெசினுக்கும் நடுவில், முதல் நாள் இல்லாத ஒரு கதவு இருந்தது. நீலச் சாயம் பூசிய மரக்கதவு. சாயம் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. மேலே வெள்ளையில் ஏ-7 என்று எழுதியிருந்தது. கீழ் இடுக்கால் செம்மண் தூசியும் சூடான காற்றும் வந்துகொண்டிருந்தன. அன்று வெளியே ஆறு பாகைக் குளிர்.

அந்த மாடியைத் துப்புரவு செய்கிறவர் புண்ணியமூர்த்தி. மட்டக்களப்புப் பக்கத்து ஆள், வயது ஐம்பத்திரண்டு, இந்த நாட்டுக்கு வந்து முப்பத்து மூன்று வருடம். கதவைக் கண்டு அவர் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். வாளி, தும்புத்தடி, தள்ளுவண்டில் எல்லாம் வைக்க அந்த மாடியில் ஓர் அறை வேண்டுமென்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். மூன்று முறை எழுத்திலும் கேட்டார். மகள் லக்ஷனா அதே கட்டடத்தில் சட்டம் படிக்கிறாள், அவள்தான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. இந்த நாட்டில் ஒன்றைக் கவனத்தில் எடுத்தார்களென்றால் ஆறேழு வருடத்தில் அது கட்டாயம் நடக்கும். ஆகவே அறை கட்டியாகிவிட்டது என்று புண்ணியமூர்த்தி முடிவு செய்தார். எல்லாப் பூட்டுக்கும் சேருகிற பாஸ் திறப்பைப் போட்டுத் திறந்து, வண்டிலை இழுத்தபடி பின்புறமாக உள்ளே போனார். பின்புறமாகப் போனபடியால் உடனே ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது, படிப்படியாக ஏறிப்போகும் வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆபிரிக்கப் பிள்ளைகள். உயரத்தில் ஒரு சாண் அகலமான ஜன்னல்கள். அவற்றுக்கு அப்பால் சேவல் ஒன்று கூவியது. நொஷாட்டல் நகரத்துக்குள் சேவல் வளர்க்க அனுமதியில்லை.

கரும்பலகைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி உடுத்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மேசையில் கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு செத்த மீனை வைத்துக்கொண்டு இருந்தார். நீங்கள் ரெக்தர் அனுப்பிய ஆளா என்று பிரெஞ்சில் கேட்டார். பல்கலைக்கழகத் தலைவரை அந்த நாட்டிலும் இந்த ஊரிலும் ரெக்தர் என்றுதான் சொல்வார்கள். இல்லை மதாம், துப்புரவு, என்றார் புண்ணியமூர்த்தி. அப்படியானால் துப்புரவு செய்யுங்கள், நாங்கள் காலைத் தூக்குகிறோம் என்றார் அந்த அம்மா. இருநூற்றுப் பதினான்கு பேரும் காலைத் தூக்கினார்கள். புண்ணியமூர்த்தி முழு மண்டபத்தையும் கூட்டி, ஈரத் துணியும் போட்டு முடித்த பிறகுதான் இது எந்த நாடு என்று கேட்டார். வேலையை முடித்துவிட்டுக் கேள்வி கேட்பது அவருடைய பழக்கம். முப்பத்து மூன்று வருடமாக அவரை ஒருவரும் வேலையால் நிற்பாட்டாததற்கு அதுதான் காரணம்.

எந்த நாடு என்பதை இங்கே எழுதவில்லை. அங்கே உள்ளவர்களுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆபிரிக்காவின் நடுவில், ஒரு பெரிய ஏரிக்கரையில் உள்ள பல்கலைக்கழகம் என்பது போதும். அதன் ரெக்தர் பொனிஃபாஸ் கலாம்பே, அறுபத்தொரு வயது, கணக்குப் படிப்பித்தவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் கதை சுகம், நாலு வரியில் முடிந்திருக்கும். போத்தலில் மீன் வைத்திருந்த மதாம் ஒதெத் முசிமா அவருக்குக் கீழே வேலை செய்த விரிவுரையாளர். நாலு வருடமாக அந்த ஏரியில் என்னென்ன மீன் செத்தது, எந்த இடத்தில் செத்தது, மேலே இருக்கிற சுரங்கத்திலிருந்து எந்தக் கிழமை தண்ணீர் திறந்துவிட்டபோது செத்தது என்று குறித்து வைத்திருந்தார். அந்தச் சுரங்கம் ஒரு மந்திரியின் மச்சானுடையது. இதையெல்லாம் ஒரு பாடமாகத் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏ-7 மண்டபத்தில் எடுக்கப்போவதாக மதாம் அறிவித்தார். மந்திரி ரெக்தருக்கு மூன்று முறை போன் எடுத்தார். முதல் தடவை சுகம் விசாரித்தார். இரண்டாம் தடவை ரெக்தரின் வீடு அரசாங்க வீடுதானே என்று கேட்டார். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டார்.

ஞாயிறு பின்னேரம் ரெக்தர் தானே போய் மண்டபத்தைப் பூட்டினார். காவலாளியிடம் பூட்டச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் போதாது. நூற்றைம்பது பேருக்கான மண்டபம். முதல் நாளே வந்து இடம் பிடித்தால்தான் இருக்கலாம், இல்லையென்றால் வெளியே நின்று கேட்க வேண்டும். மதாமும் படங்களை ஒட்டுவதற்காக உள்ளே இருந்தார். மின்சாரம் இல்லாத நேரம், எல்லாரும் இருட்டில் சத்தமில்லாமல் இருந்தார்கள். பூட்டுகிற சத்தம் கேட்டது. பாதுகாப்புக்குத்தான் யாரோ பூட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ரெக்தர் திறப்பைக் காவலறை ஆணியில் கொழுவாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். நொஷாட்டலில் மூன்று நாள் மாநாடு. தலைப்பு, பல்கலைக்கழகங்களின் சுதந்திரம். இப்படிப்பட்ட மாநாடுகளை அந்தப் பிரச்சினை இல்லாத ஊர்களில்தான் வைப்பார்கள், அங்கேதான் கோப்பி நன்றாக இருக்கும். திறப்பு நாட்டை விட்டுப் போனதும் கதவும் அதோடு புறப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை காலையில் அங்கே ஏ-7 மண்டபத்துக்குக் கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. மேசன்மார் இரண்டு தரம் உடைத்துப் பார்த்தார்கள். உடைத்த தூசி அடங்குவதற்கு முன்பே திரும்பவும் சுவர். பூட்டியது ரெக்தர்தான் என்று காவலாளி ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திச் சொன்னார், அதற்குப் பிறகு ஜன்னலுக்குக் கிட்டப் போகவிடாமல் பொலிஸ் நின்றது.

இதில் பாதியை அன்று காலை லக்ஷனா வந்து உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுத் தகப்பனுக்குச் சொன்னாள், மிச்சம் பிறகு தெரிய வந்தது. அவள் கேட்ட கேள்வி வேறு.

"அப்பா, அந்த மிஸ்ஸும் உள்ளதானே இருக்கிறா. பிள்ளைகளும் உள்ள. கரும்பலகையும் உள்ள. பிறகென்ன, பாடத்தை எடுத்து முடிக்கலாம்தானே?"

"நானும் கேட்டனான். மாட்டாவாம்."

மதாம் சொன்ன காரணம் இதுதான். நான் என்ன கள்ளியா, பூட்டின கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாடம் எடுக்க? நாலு வருடம் எல்லாரும் பார்க்க ஏரியில் நின்று மீன் எண்ணினேன். பூட்டியவர் வந்து திறக்கட்டும். புண்ணியமூர்த்தி தன்னுடைய பாஸ் திறப்பைத் தூக்கிக் காட்டி, நான்தான் திறந்திருக்கிறேனே என்றார். நீங்கள் கூட்டுவதற்குத் திறந்தீர்கள், அவர் கேட்பதற்குத் திறக்க வேண்டும் என்றார் மதாம். புண்ணியமூர்த்தி பாஸ் திறப்பைத் திரும்ப வளையத்தில் கொழுவினார். வண்டிலை மண்டபத்தின் மூலையில் விட்டுவிட்டு வந்தார். எப்படியும் அது ஓர் அறைதானே.

அவருடைய மனைவி குணேஸ்வரி வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவர். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். அது நவராத்திரி மூன்றாம் நாள். இந்த ஊர்த் தமிழர் நாங்கள் வாடகை மண்டபத்தில் நடத்துகிற பிள்ளையார் கோயிலில் அந்த ஒன்பது நாளும் சமையல் ஓயாது. அன்று மத்தியானம் ஆறு பேர் அண்டாக்களோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். புட்டு, கத்தரிக்காய்க் கறி, கடலை, சம்பல். இரண்டாம் நாள் அந்தப் பிள்ளைகள் சம்பலில் உறைப்புக் காணாது என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் பெண்களுக்கு அவர்கள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

கன்ரோன் என்கிற மாகாண அலுவலகத்திலிருந்து ஒருவர் மஞ்சள் நாடாவோடு வந்தார். நிலைப்படியின் நடுவில் அளந்து நாடாவை ஒட்டினார். இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் சுவிஸ் இல்லை. சோறு அந்தப் பக்கம் போகலாம், ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஆனால் கழிப்பறை இந்தப் பக்கம் இருந்தது. அவர் நல்ல மனிதர், நெடுநேரம் யோசித்து, பத்து நிமிட வதிவிட அனுமதி என்று ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். வலது காலால் கோட்டைத் தாண்டும்போது நேரம் தொடங்கும். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற அருட்செல்வன் என்கிற எங்கள் ஆளுக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு பெர்மிற்றுக்குப் பதினொரு வருசம் காத்துக் கிடந்தனான். இவன் ஒண்டுக்குப் போக நிண்ட நிலையில குடுக்கிறான்" என்றார். பிறகு அவரே வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார், ஒருவரையும் பதினொரு நிமிடம் இருக்கவிடவில்லை.

கட்டடத்துப் பெரியவர்களும் வந்து பார்த்தார்கள். இது இன்னொரு நாட்டின் உள்விவகாரம் என்றார்கள், ஆழ்ந்த கவலை தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார்கள். நல்ல தாள். அதை மதாம் மீன் போத்தலுக்கு அடியில் வைத்தார், மேசை நனையாமல் இருந்தது.

ரெக்தர் நாலாம் மாடி விருந்தினர் அறையில் தங்கியிருந்தார். மாநாடு வியாழக்கிழமை முடிந்தது. அவர் போகவில்லை. ஒரு வருடம் விருந்தினராக இங்கேயே இருந்து படிப்பிக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். திறந்தால் பதவியும் வீடும் காரும் போய்விடும், சிறைக்கும் போகலாம். திறக்காவிட்டால் மதாம் முசிமாவின் வேலை போய்விடும். பத்து நாள் பாடம் எடுக்காத விரிவுரையாளர் தானாகவே விலகியதாகக் கொள்ளப்படும் என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. மதாம் பூட்டிய மண்டபத்துக்குள் இருப்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் வருகிற புதன்கிழமை. அந்தப் பிள்ளைகளின் வருடமும் மதாமின் பாடத்தோடுதான் கட்டியிருந்தது. ரெக்தருக்கு எல்லாம் தெரியும், கணக்குப் படித்தவர். மூன்றாம் மாடியைப் பார்க்காமல் இருக்க அவர் படியை விட்டு லிப்டில் போய்வந்தார். லிப்ட் ஒவ்வொரு தடவையும் மூன்றாம் மாடியில் நின்று, திறந்து, அவர் வெளியே போகாததைக் கண்டு, ஒரு நிமிடம் கழித்து மூடியது.

அவருடைய அறையையும் புண்ணியமூர்த்திதான் துப்புரவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர் அறைகள் மட்டும் செய்வது வழக்கம். அன்று தூசி உறிஞ்சுகிற மெசினை நிற்பாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதைத்தார்.

"ரெக்தர், உங்கட சேட்டுப் பையில இருந்து மண் கொட்டுது."

"மன்னிக்க வேண்டும். நானே கூட்டிவிடுகிறேன்."

"கூட்டுறது என்ர வேலை. அது பிரச்சினையில்லை. எனக்கு மண் எங்க இருந்து வருதெண்டு தெரியும், அதுதான் பிரச்சினை."

ரெக்தர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "உங்களிடம் எல்லாக் கதவையும் திறக்கிற திறப்பு இருக்கிறது. பிறகு என்னை ஏன் கேட்கிறீர்கள்?"

"நான் ஒரு நாளைக்கு நாலு தரம் திறக்கிறன். நாலு தரமும் அந்த அம்மா நிமிந்து பாக்கிறா. நான் எண்டு கண்டதும் குனியிறா. எனக்கு அது மரியாதையில்லை, ஐயா."

புண்ணியமூர்த்தி மெசினைத் திரும்பவும் ஓடவிட்டார். கட்டிலுக்கு அடியில் கூட்டினார். அங்கேயும் செம்மண்.

திங்கட்கிழமை சரஸ்வதி பூசை. காலையில் குணேஸ்வரி இரண்டு பெரிய பைகளோடு மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றார். மகள் மொழிபெயர்த்தாள். "எங்கட வழக்கம் இது. இண்டைக்குக் கொப்பி, புத்தகம் எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறது. இண்டைக்கு ஒருத்தரும் வாசிக்கப்படாது, எழுதப்படாது. நாளைக்கு விஜயதசமி. திருப்பித் தருவன். நாளைக்கு ஒரு பாடமெண்டாலும் படிச்சு எழுத வேணும்."

"எழுதாவிட்டால்?" என்று ஒரு பெடியன் பின்வாங்கிலிருந்து கேட்டான்.

"ஒரு வருசத்துக்குப் படிப்பு ஏறாது."

சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் எந்த நாட்டிலும் ஒன்றுதான். இருநூற்றுப் பதினான்கு பேரும் பாய்ந்து விழுந்து கொப்பியைக் கொடுத்தார்கள். மதாம் முசிமா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். அவர் சரஸ்வதி யாரென்று விசாரித்தார். வெள்ளைத் தாமரையில் இருக்கிற அம்மா, கையில் புத்தகம், எந்த மந்திரிக்கும் கீழே வேலை செய்யாதவ என்று குணேஸ்வரி சொன்னார். மதாம் சிரித்து, நாலு வருடத்து மீன் குறிப்பையும் தூக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. நாளைக்குத் திருப்பி வந்தால் அதைப் படித்தே ஆக வேண்டும். பூட்டிய மண்டபத்தில் படிக்கவும் மாட்டார்.

குணேஸ்வரி அதோடு நிற்கவில்லை. ஒரு தட்டில் பூசைக்குப் பொங்கிய சர்க்கரைப் புக்கையை வைத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினார். லக்ஷனா பின்னால் ஓடினாள். "அம்மா, அவர் ரெக்தர். கண்டபடி கதைக்காதேங்கோ."

"நான் எங்கயடி கதைக்கிறன்? கொப்பி கேக்கத்தான் போறன்."

கணக்கு வாத்தியார் என்றால் உங்கள் கொப்பி எங்கே என்று கேட்டார். ரெக்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் இருந்தது மாநாட்டுக்கென்று அவர் எழுதிக்கொண்டு வந்த பேச்சு மட்டும். அதை அவர் படிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு, மூன்று நாளும் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்திருந்தார். குணேஸ்வரி அதை எடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, நல்ல எழுத்து என்று சொல்லிப் பைக்குள் வைத்தார். ரெக்தர் மறிக்கவில்லை. புக்கை வாய்க்குள் இருந்தது.

அன்று பின்னேரம் கோயிலில் கும்பத்துக்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு ஆபிரிக்கக் கொப்பிகளும், எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளும், கத்தரிக்கோல், தையல் மெசின், ஒருவருடைய லொறி ஓட்டுகிற லைசன்ஸ், ஒரு மீன் கணக்கு, சுதந்திரத்தைப் பற்றிய ஒரு பேச்சு எல்லாம் ஒன்றாக இருந்தன. ஐயர் எல்லாவற்றுக்கும் ஒரே தீபம்தான் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ரெக்தரின் பேச்சு சந்தனப் பொட்டோடும் ஒரு செவ்வந்திப் பூவோடும் வந்தது. படியுங்கோ, இண்டைக்குப் படிக்கிற நாள் என்று குணேஸ்வரி கதவடியிலேயே நின்றார். அவர் படித்தார். முதல் வரி இப்படி இருந்தது. ஒரு நாடு எத்தனையோ கதவுகளைப் பூட்டலாம், படிக்கிற கதவைப் பூட்டினால் அந்த நாடே வெளியில் நிற்கும். விமானத்தில் எழுதியது. எழுதும்போது திறப்பு அவருடைய பையில் இருந்தது.

அவருக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் படித்தவர்களுக்கு உடனே கோபமும் வரும். மேலங்கியை மாட்டிக்கொண்டு, குணேஸ்வரியைத் தாண்டி, படியால் இறங்கி, நேரே ஏரிக்கரைக்குப் போய்த் திறப்பைத் தண்ணீரில் எறிந்தார். கணக்கு வாத்தியாரின் கை. பன்னிரண்டு மீற்றருக்கு மேல் போகவில்லை.

புண்ணியமூர்த்தி அந்த நேரம் மூன்றாம் மாடியில் நின்றார். அவருடைய கண்ணுக்கு முன்னால் நீலக் கதவு சுவரிலிருந்து கழன்று, ஒரு பெட்டி இழுபடுவதுபோல நடைவழியில் வழுக்கிக்கொண்டு போய், படியால் இறங்கி, வீதிக் கடவையில் பச்சை விளக்கு வரும்வரை நின்று, கடந்து, ஏரிக்குள் போனது. நெஞ்சளவு தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. படகுத்துறையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் அங்கே கதவு வைக்க அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். கீழ் இடுக்கால் தண்ணீர் உள்ளே போகத் தொடங்கியது. உள்ளேயிருந்து பிள்ளைகள் சத்தம் போடுவது கரைக்குக் கேட்டது. பிறகு மதாமின் குரல் கேட்டது, வாளியை எடுங்கள், தும்புத்தடியை எடுங்கள் என்று. புண்ணியமூர்த்தியின் வண்டில் உள்ளேதான் இருந்தது. அவர்கள் அதை வைத்துத் தண்ணீரை ஜன்னலால் வெளியே ஊற்றினார்கள். அந்தப் பக்கம் நின்ற பொலிஸ்காரர்கள் மேல் சுவிஸ் ஏரித் தண்ணீர் விழுந்தது. தண்ணீர் பதினான்கு பாகை. அவர்கள் முகாமுக்கு ஓடி மழையங்கி எடுத்து வந்தார்கள்.

ரெக்தர் கரையில் நின்று ஒரு முழு நிமிடம் பார்த்தார். வாழ்நாளில் அவர் செய்த கணக்குகளிலேயே அதுதான் சின்னது. ஒரு பக்கம் வீடு, கார், நாற்காலி. மற்றப் பக்கம் இருநூற்றுப் பதினைந்து பேர். மேலங்கி, சப்பாத்து, கண்ணாடி ஒன்றையும் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினார். மூன்று தரம் மூழ்கினார். முதல் தரம் ஒரு சைக்கிள் பூட்டு, இரண்டாம் தரம் ஒரு கரண்டி, மூன்றாம் தரம் திறப்பு. புண்ணியமூர்த்தி துப்புரவு மேலங்கியோடு பின்னால் இறங்கி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருதோ ஐயா?"

"மிகவும்."

"அப்ப கெதியாத் திறவுங்கோ. உள்ளுக்குச் சூடு."

திறப்பு கைக்கு வந்ததும் கதவு நின்ற இடத்தை விட்டுத் திரும்பிப் போனது. இரண்டு பேரும் சொட்டச் சொட்ட அதன் பின்னால் நடந்தார்கள். மூன்றாம் மாடியில் கதவு பழைய இடத்தில் நின்றது. பக்கத்தில் கன்ரோன் ஆள், அருட்செல்வன், அண்டாவோடு குணேஸ்வரி, லக்ஷனா, போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு பேராசிரியர். மணி பத்து. ரெக்தர் தன்னுடைய திறப்பைப் போட்டுத் திருப்பினார். தட்டிவிட்டுத்தான் திறந்தார்.

மதாம் முசிமா நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தரம் குனியவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்து, "தாமதம், மொன்சியே ரெக்தர்" என்றார்.

"ஒன்பது நாள்" என்றார் ரெக்தர். "கேட்க வந்திருக்கிறேன். இடம் இருக்கிறதா?"

முன்வாங்கில் நெருங்கி இருந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள். அவர் இருந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது. புண்ணியமூர்த்தி வழக்கம்போலத் தும்புத்தடியைத் தேடினார். அது விடுங்கள், நீங்களும் இருங்கள் என்றார் மதாம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத மனிதர். அவருடைய பள்ளிக்கூடத்தை அந்த வருடம் ஆமி எடுத்துக்கொண்டது, பிறகு எந்த வாங்கிலும் அவர் இருக்கவில்லை. பின்வாங்கின் ஓரத்தில், நனைந்த காற்சட்டையோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாடம் நாலே முக்கால் மணித்தியாலம் நடந்தது. மதாம் ஒவ்வொரு மீனின் பெயரையும் சொல்லி, அது எப்போது எங்கே செத்தது, எந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று கரும்பலகையில் எழுதினார். இருநூற்றுப் பதினான்கு பேரும் சந்தனம் தடவிய கொப்பியில் எழுதினார்கள். ரெக்தர் தன்னுடைய பேச்சின் பின்பக்கத்தில் எழுதினார். புண்ணியமூர்த்திக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. விளங்கிய கால்வாசியை இன்றைக்கும் பிழையில்லாமல் சொல்வார். முப்பத்தொரு மீன், பெயரோடு.

மதாம் சுண்ணக்கட்டியை வைத்ததும் அந்தப் பக்கத்துச் சுவர் தானாகத் திறந்தது. கதவு இல்லை, கதவுக்கான இடம் மட்டும். வெயில் உள்ளே வந்தது. வெளியே மழையங்கி போட்ட பொலிஸ் நின்றது. ரெக்தர் எழுந்து, ஈரச் சப்பாத்து சத்தம் போட, எல்லாருக்கும் முன்னால் வெளியே போனார். பூட்டியது நான், திறந்தது நான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக ஒரு பெட்டை ஓடிவந்து, பாவிக்காத ஒரு பத்து நிமிடச் சீட்டைக் கன்ரோன் ஆளிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிக் கோப்பில் வைத்தார்.

திறப்பு நொஷாட்டல் பக்கத்துப் பூட்டிலேயே இருந்துவிட்டது. மறந்து விட்டாரா, வேண்டுமென்று விட்டாரா என்பதில் எங்கள் ஆட்களுக்குள் இன்றும் இரண்டு கட்சி. அவர் கணக்கு வாத்தியார், ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை. புண்ணியமூர்த்தி அதை எடுத்துத் தன்னுடைய வளையத்தில் கோத்துக்கொண்டார்.

இப்போது இரண்டு வருடமாகிறது. ரெக்தருக்குப் பதவி போனது, வீடு போனது, பதினேழு நாள் சிறையில் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெருக்கலும் வகுத்தலும் படிப்பிக்கிறார். ஒவ்வொரு விஜயதசமிக்கும் குணேஸ்வரிக்கு ஒரு கடிதம் வரும், அதில் அந்த வருடம் எழுதப் பழகிய பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். மதாம் முசிமாவின் வேலை போகவில்லை. ஒன்பதாம் நாள் பாடம் நடந்துவிட்டது, சட்டம் சட்டம்தான். சுரங்கத்து வழக்கு நடக்கிறது. முப்பத்தொன்றில் மூன்று மீன் திரும்பி வந்திருக்கிறதாம்.

ஏ-7 மண்டபத்தைப் பூட்ட இப்போது ஒருவராலும் முடியவில்லை. மந்திரி முதலில் ஒரு மரக்கதவு போட்டார். அது வியாழக்கிழமை நொஷாட்டல் மூன்றாம் மாடிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றது. பிறகு இரும்புக் கதவு போட்டார். அதுவும் வந்தது, வரும்போது படியில் ஒரு மூலை உடைந்தது. மூன்றாவதாக வெளிநாட்டுக் கடன் எடுத்து ஒரு கண்ணாடிக் கதவு போட்டார், அது வந்ததைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார். மரக்கதவைக் கட்டடக்காரர் சைக்கிள் கொட்டிலுக்குப் போட்டார்கள். கண்ணாடிக் கதவு நூலகத்தில் நிற்கிறது. இரும்புக் கதவு எங்கள் கோயில் அரிசி அறைக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அதைப் பூட்டுவதில்லை.

நீலக் கதவுக்குப் பின்னால் இப்போது ஒரு சின்ன அறை இருக்கிறது. வாளி, தும்புத்தடி, வண்டில் எல்லாம் வைக்க அளவு சரி. தரையில் மட்டும் கொஞ்சம் செம்மண். புண்ணியமூர்த்தியின் ஆறு வருட விண்ணப்பம் நிறைவேற்றப்பட்டது என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது, அவர் அதைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கிற துப்புரவு அட்டவணையில் அந்த அறைக்கு நேரே, செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து வண்டிலை வெளியே எடுத்து வைக்கவும், உள்ளே பாடம் நடக்கும் என்று எழுதியிருக்கிறது. அவர் எடுத்து வைக்கிறார். சில செவ்வாய்களில் வேலை குறைவு. அப்போது மெதுவாகத் திறந்து, பர்தோன், மன்னியுங்கள், என்று சொல்லிப் பின்வாங்கின் ஓரத்தில் போய் இருக்கிறார். மதாம் நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். பாடம் முடியும்வரை புண்ணியமூர்த்தி ஒருவரையும் காலைத் தூக்கச் சொல்வதில்லை.